ஆரி ஊசியும் ஒரு கட்லாவும்

கல்யாணமான ஆறாவது மாதம், வீரேந்திரனின் பைக் பெட்டியில் கடலைப்புண்ணாக்கு சிக்கியது. மாடே இல்லாத வீட்டில் புண்ணாக்கு எதற்கு என்று அவன் மனைவி த்ரிசலா கேட்டதில் குட்டு வெளிப்பட்டது. ஞாயிறுதோறும் கிரிக்கெட் என்று கிளம்பியவன், கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரியில் அதை இரையாக வைத்துத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். எறும்பு ஏறிய சர்க்கரையை நிழலில் வைத்து, கடைசி எறும்பும் போன பிறகே எடுக்கும் ஜைன வீட்டில்!

"பிடிச்சதும் தண்ணியில விட்டுடறேன், த்ரிசலா. கொக்கி நுனியில, குத்தினா திரும்பி வராம பிடிச்சுக்கிற எதிர்முள் இருக்கும்ல? அதையும் பிளேயரால நசுக்கிடுவேன். மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

"நானும் வரேன். என் கண்ணு முன்னாடி ஒண்ணு செத்தாலும், தூண்டிலை ரெண்டா முறிச்சிடுவேன்."

அடுத்த ஞாயிறு வேங்கிக்கால் வீட்டிலிருந்து இருவரும் கிளம்பினார்கள். ஏரிக்கரையில் வீரேந்திரனின் நண்பன் வல்லரசு காத்திருந்தான்.

"இன்னா அண்ணி, ரெய்டா?" என்று சிரித்தான்.

அரை மணி நேரத்தில் தூண்டில் வில்லாக வளைந்தது. வீரேந்திரன் தூண்டில் நூலை நிதானமாகச் சுற்றி இழுக்க, கரையோரம் வந்து புரண்டது ஒரு கட்லா. வல்லரசு கைவலையைத் தண்ணீருக்குள் விட்டு ஏந்தினான்.

"மச்சான், நாலு கிலோவுக்கு ஜாஸ்தி! கொழம்புக்கு..."

த்ரிசலா பார்த்த பார்வையில் அவன் வலையைத் தண்ணீருக்குள் இன்னும் தாழ்த்தினான்.

வீரேந்திரன் பிளேயரால் கொக்கியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். மீனின் உதட்டோரம் ரத்தம் துளிர்த்தது. அவன் முகம் வெளுத்தது. "புது பாக்கெட்டு... நீ வர்ற அவசரத்துல முள்ளை நசுக்க மறந்துட்டேன்."

"இழுக்காதீங்க!" த்ரிசலா புடவையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவள் அவள். ஆரி ஊசியின் நுனியும் ஒரு குட்டிக் கொக்கிதான். "ஊசி பட்டுல மாட்டிக்கினா இழுப்பேனா? துணி கிழிஞ்சிடும். கொஞ்சம் உள்ள தள்ளி, திருப்பி, போன வழியிலயே எடுக்கணும். நீங்க மீனைப் பிடிங்க. தண்ணியை விட்டுத் தூக்காதீங்க."

வீரேந்திரன் ஈரக்கையால் மீனை வலைக்குள் தாங்கினான். அவள் பிளேயரை வாங்கினாள். கொக்கியின் வளைவை மெல்ல உள்ளே அழுத்தினாள். முள்ளின் பிடி தளர்ந்தது விரலுக்குத் தெரிந்தது. ஒரு சின்னத் திருப்பல். கொக்கி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது!

ஆனால் கட்லா ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"செத்துடுச்சா?" அவள் குனிந்து செவுளைப் பார்த்தாள்.

"இல்ல, களைச்சுப் போயிருக்கு." அவன் வலையை விலக்கி, மீனை நிமிர்த்திப் பிடித்தான். அவளும் ஒரு கையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்தாள். செவுள் ஒருமுறை திறந்து மூடியது. மறுபடி திறந்தது. துடுப்பு விரிந்தது. "வாடா, வாடா என் ராஜா!" என்று த்ரிசலா கெஞ்சினாள்.

பளீரென்று வாலால் ஓர் அடி! இருவர் முகத்திலும் ஏரித்தண்ணீரை வீசிவிட்டு ஆழத்தில் பாய்ந்தது கட்லா.

வல்லரசு விசிலடித்தான். த்ரிசலா இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினாள். கரையில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின.

"அப்போ... தூண்டிலு?" என்று இழுத்தான் வீரேந்திரன்.

அவள் கரையேறி, புடவையைப் பிழிந்துவிட்டு, புதுக் கொக்கி பாக்கெட்டைப் பிரித்து மடியில் கொட்டிக்கொண்டாள். பிளேயரால் முதல் முள்ளை நறுக்கென்று நசுக்கினாள்.

"இனிமே இது என் டிபார்ட்மெண்ட். நான் நசுக்கித் தர்ற கொக்கியைத் தவிர வேற எதுவும் தண்ணியில இறங்கக் கூடாது. புரியுதுங்களா?"

"புரியுது, புரியுது" என்றான் வீரேந்திரன், முகமெல்லாம் பல்லாக.