கட்டைவிரலுக்கு இருபத்திரண்டாயிரம்

தையல்காரர் சாந்த் பாஷாவுக்கு வலது கட்டைவிரல் போனது பஸ் மோதியதில். வழக்கு ராஜியாகி, பஸ் முதலாளி இருபத்துநாலாயிரம் கொடுத்தார். அதில் பாஷாவின் மனைவி அஸ்மத் மோட்டார் மெஷின் வாங்கிப் போட்டாள். அவர் இடது கையால் கோடு போடுவார், அவள் வெட்டித் தைப்பாள். நாலு காசு புழங்கினால் வரிக்காரர்களுக்கு மூக்கில் வேர்த்துவிடுமே! அந்தப் பணம் முழுக்க வருமானம் என்று நோட்டீஸ் வந்தது. கட்டுவதானால் மெஷினை விற்க வேண்டும்.

"வக்கீலைக் கூட்டிக்கலாமா?" என்றார் பாஷா.

"எதுக்குங்க? ராஜி பேப்பர் இருக்கு, நான் இருக்கேன்" என்றாள் அஸ்மத்.

அந்தப் பத்திரம் எழுதிய அன்று வக்கீல் ஒரே வரியில் மொத்தத் தொகையைப் போடப் பார்த்தார். அஸ்மத் விடவில்லை. "சட்டைக்குத் தோள் தனி, கை தனினுதான் அளவு எழுதுறோம். இதையும் பிரிச்சு எழுதுங்க சார்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். பஸ் முதலாளி சிரித்தார். விரலுக்கு இருபத்திரண்டாயிரம், கடை மூடிக்கிடந்த நாலு மாதத்துக்கு இரண்டாயிரம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வரி அலுவலகத்தில் அதிகாரி இராமலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "விரல் போனதால சம்பாத்தியம் போச்சு. அதுக்கு ஈடா வந்தது வருமானம்தானே அம்மா?"

"தைச்ச கூலி வருமானம் சார். மெஷினையே ஒருத்தன் உடைச்சுட்டு அதுக்குப் பணம் கொடுத்தா, அது கூலியா? இவருக்கு விரல்தான் சார் மெஷின். கடை மூடின ரெண்டாயிரம் கூலிக்குப் பதிலா வந்தது. அதை நாங்களே கணக்குல காட்டிட்டோம், பாருங்க."

அவர் பத்திரத்தை இரண்டு தரம் படித்தார். "இப்படிப் பிரிச்சு எழுதச் சொன்ன வக்கீல் யாரு?"

"வக்கீல் பிரிக்க வேணாம்னுதான் சொன்னாரு சார். நான்தான் பிரிக்கச் சொன்னேன்."

இராமலிங்கம் பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டாயிரத்துக்கு வரி இல்லை என்று எழுதி, பாஷா பக்கம் கோப்பைத் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க."

பாஷா இடது கையால் பேனாவைப் பிடித்தார். கடை மூடிக்கிடந்த நாலு மாதத்தில் பழகிய எழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, கோணலாக வந்தது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அதுவரை கலங்காத அஸ்மத்துக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க போலாம். கார்த்திகை தீபத்துக்குள்ள முப்பது சட்டை முடிக்கணும்."