மனு பரிசீலனையில் இருக்கிறது

கட்சிக் கிளைச் செயலாளரின் சட்டையில் இரண்டு கைகளையும் தேய்த்து முடித்து முதுகுப் பக்கத்துக்கு வந்தபோது தெருவில் அவள் கணவரின் குரல் கேட்டது. ஆள் வரவில்லை, குரல் மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்கு அது பழக்கம். எதிர்க் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது, ஒரு முறை இருமியது, பிறகு "ஹலோ, ஹலோ. மைக் டெஸ்ட். ஒன்னு, ரெண்டு, மூனு" என்றது. மூன்றுக்கு மேல் அவர் எண்ணியதே இல்லை. நாலு சொன்னால் தொழில் தெரியாதவன் என்று அர்த்தமாம். சாயங்காலம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கட்சிக் கூட்டம். காலையிலிருந்து அவரும் அவளுடைய அண்ணனும் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் அவருக்குப் பெயர் சவுண்டு. சின்னவர்களுக்குச் சவுண்டு அண்ணன். கல்யாண வீடு, கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய பெட்டிகள்தான் போகும். அவள் தெருவைப் பார்த்த முன்னறையில் மேஜை போட்டு இஸ்திரி போடுகிறாள். தேர்தல் நெருங்கினால் எல்லாக் கட்சிக்காரர்களின் சட்டையும் அந்த மேஜைக்குத்தான் வரும். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டுபவர்களின் சட்டைகள் அவள் அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சமாதானமாகப் படுத்துக் கிடக்கும். அவர் மீசை முளைத்த காலத்திலிருந்து ஒரே கட்சி. அவள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று அவர் கேட்டதில்லை. "கேட்டா சண்டை வரும். கேக்காட்டி வெறும் சந்தேகம்தான். சந்தேகத்தோட குடும்பம் நடத்தலாம்" என்பார்.

கட்சி கூடப் பரவாயில்லை. கடவுள் விஷயத்தில்தான் அந்த வீடு இரண்டாகப் பிரிந்திருந்தது. அவருக்குக் கடவுள் இல்லை. அவளுக்கு உண்டு, அதுவும் தினமும் விடியற்காலையில், அறையின் மூலையில், கண்ணை மூடி உட்கார்ந்தால் பேசக்கூடிய தூரத்தில் உண்டு. வேண்டுதலை மனதுக்குள் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. முணுமுணுப்பாள். மகளுக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டும், அண்ணன் வேனை நிதானமாக ஓட்ட வேண்டும், முழங்கால் வலி குறைய வேண்டும், குழாயில் தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டிலிலிருந்து பதில் வரும். போர்வைக்குள்ளிருந்தபடியே அரசாங்க ஆபீஸ் குமாஸ்தாவின் குரலில் சொல்வார்: "மேடம், மனு பரிசீலனையில இருக்கு." முழங்காலுக்கு, "அது இந்த செக்‌ஷன் இல்லைங்க, மாடியில கேளுங்க." தண்ணீருக்கு, "ஐயா லீவுல இருக்காரு, அடுத்த வாரம் வாங்க." அவள் கண்ணைத் திறக்காமலே கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். பெரும்பாலும் துண்டு. ஒரு தடவை சீப்பு.

சில மாதங்களாக அந்தக் குமாஸ்தா வாயைத் திறக்கவில்லை. முதலில் தூக்கம் என்று நினைத்தாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது விழித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்றால் மற்ற நேரத்தில் சிரித்துப் பேசத்தான் செய்தார். கோபம் என்ன, முன்பைவிடப் பாசம் கூடிவிட்டதாகவே அவளுக்குப் பட்டது. அவள் எதைச் சொன்னாலும் இப்போதெல்லாம் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்கிறார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறார். இந்த வயதில் இப்படி ஒரு கவனிப்பா என்று அவளுக்கு உள்ளுக்குள் கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"மூனு" முடிந்ததும் ஸ்பீக்கரில் டொக், டொக் என்று இரண்டு தட்டு கேட்டது. அது அவருடைய வழக்கம். மைக்கை அணைத்துவிட்டு விரலால் தட்டிப் பார்ப்பார். சத்தம் வராவிட்டால் அணைந்துவிட்டது என்று கணக்கு. ஆனால் தட்டுச் சத்தம்தான் தெரு முழுக்கக் கேட்டுவிட்டதே, இன்னும் ஏன் அணைக்கவில்லை என்று அவள் நிமிர்ந்தாள். ஸ்பீக்கரில் ஜெனரேட்டர் உறுமியது. அதற்கு மேலாக, பக்கத்து வீட்டுக்காரரை அழைப்பதுபோலக் கத்திப் பேசும் அவர் குரல்.

"இப்படி வந்து உக்காரு மச்சான். ஒன்னு சொல்லணும். எனக்குக் காது கேக்கல."

"இந்த ஜெனரேட்டர் பக்கத்துல எவனுக்குத்தான் கேக்கும் மாப்ள" என்றார் அவள் அண்ணன்.

"அதைச் சொல்லல. மொத்தமாவே. வலது பக்கம் போன வருஷமே போச்சு. இடதும் பொட்டியைக் கட்டிட்டு நிக்குது."

"டாக்டரைப் பாத்தா என்ன?"

"பாத்தா மெஷின் மாட்டுவாரு. காதுல மெஷினை மாட்டிக்கிட்டு ஆம்ப்ளிஃபயர் முன்னாடி உக்காந்தா எவன் கூப்பிடுவான்? போன கூட்டத்துல மைக் கூவினது எனக்குத் தெரியவே இல்ல. சனம் காதைப் பொத்தறதைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். இன்னொரு தடவை கூவுச்சுன்னா அந்தப் புதுக் கம்பெனிக்காரனை வெச்சுக்குவேன்னு செயலாளர் நேராவே சொல்லிட்டாரு. அதுலயும் பாதிதான் கேட்டுச்சு. மீதியை அவரு மூஞ்சி சொல்லிச்சு."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"உன் தங்கச்சிகிட்ட மூச்சு விட்டுடாத. காலையில உக்காந்து வேண்டிக்கிறா. உதடு அசையுது. என்ன கேக்கறான்னு தெரியல. முன்ன எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு இருந்தேன். இப்ப மனுவே கைக்கு வரலை, என்னத்தை மச்சான் பரிசீலிக்கிறது?"

டீக்கடைக்காரரின் கை தூக்கிய குவளையோடு அந்தரத்தில் நின்றது. தையல் கடையில் மிஷின் ஓட்டம் நின்றது. மருந்துக் கடைப் பெண் படிக்கு வந்து நின்றாள். எல்லோரும் ஒரே சமயத்தில் அவளுடைய ஜன்னலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டோமே என்று ஒரே சமயத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள். டீக்கடைக்காரர்தான் முதலில் சுதாரித்துப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அண்ணனின் போன் மணி அடித்தது. "ஹலோ. ஆமா, மைதானத்துலதான். என்னது?" என்று தெரு முழுக்கக் கேட்டது. பிறகு ஒரு பெரிய டப். அதற்குப் பின் ஒன்றுமில்லை.

கருகல் நெடி வந்தபோதுதான் அவளுக்குக் கையில் இருந்தது நினைவுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். செயலாளரின் சட்டையில், பின்பக்கம் அடியில், பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது.

டீக்கடைக்காரர் கேட்காத டீ ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். போகாமல் நின்றார். "அக்கா, எங்க யாருக்கும் ஒன்னும் கேக்கல" என்றார். "இந்தத் தெருவுலயே யாருக்கும் காது சரியில்லக்கா. தையல்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், அவருக்கும் கேக்கலையாம்."

அவள் ஒரு வாய் குடித்தாள். "நாக்குமா போச்சு உனக்கு? சர்க்கரையே போடல."

அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்ததால் முகத்தைச் சட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காதைவிட அவளைக் குடைந்தது வேறு விஷயம். போன வருடம் ஒரு நாள், மகளின் வேலைக்காக உருகி வேண்டிக்கொண்டிருந்தபோது அவர், "மேடம், போட்டோ ஒட்டலை, அடுத்த கவுண்ட்டர் போங்க" என்றார். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்துவிட்டது. இந்த மனுஷன் நான் கும்பிடும்போது வாயைத் திறக்காமல் இருக்கும்படி நீதான் செய்ய வேண்டும் என்று, அவருக்குக் கேட்காத அளவுக்குச் சன்னமாக ஒரு மனுப் போட்டாள். மகளின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அத்தனை மனுக்களில் நிறைவேறியது இது ஒன்றுதான். கடவுள் இப்படிக் கணக்குப் பார்ப்பவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, மனம் அந்த இடத்தையே போய்ப் போய்த் தொட்டது. முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாரே, அது பாசம் இல்லை, உதட்டைப் படித்திருக்கிறார். அப்படி நினைத்தவள், கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்கள் பேசும்போது அவர் படிக்கவே முயல்வதில்லையே, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறாரே என்றும் நினைத்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்தார். அண்ணன் வேனிலேயே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார். எப்போதும் அடுப்படியிலிருந்தே பேசுகிறவள், தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று கேட்டாள்.

"என்ன, ஆளு முன்னாடி வந்து உபசாரம்? கூட்டத்துக்கு நன்கொடை கேக்கப் போறியா?"

"உங்க கட்சிக்கு நான் ஏன் குடுக்கணும். சாப்பிடுங்க."

அவர் கை கழுவப் போன நேரத்தில் வேனுக்குப் போனாள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "மைக்கை நான்தான் ஆஃப் பண்ணேன். தெருவுக்கே கேட்டது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அதோட பொட்டியை மூடிட்டு வீட்ல உக்காந்துடுவாரு" என்றார்.

"மைக் கூவினா நீ சொல்ல மாட்டியா?"

"ஜெனரேட்டரை விட்டு நான் எங்கம்மா நகர்றது? அது இன்னைக்கு எனக்கே வேலை வெக்குது."

"கூட்டம் எப்ப?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அந்தக் கட்சியின் கூட்டத்துக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை. வழியில் அந்தக் கூட்டம் நடந்தால் எதிர்ப் பக்கமாகப் போகிறவள்.

செயலாளர் சாயங்காலம் சட்டைக்கு வந்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, "பேன்ட்டுக்குள்ள விட்டுக்குங்க. வெளிய விட்டா இந்தத் துணிக்கு எடுப்பா இருக்காது" என்றாள். அவர் அதைத் தொழில் ஆலோசனையாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கடைசி வரிசையில் ஓர் ஆளை நிறுத்திக் கையைக் காட்டச் சொல்வது அந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான். மேடைப் பக்கம் இருப்பவனுக்குக் கடைசியில் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. புதிதாகப் பெட்டிகள் வாங்கிய காலத்தில் அவளே அப்படி நின்றிருக்கிறாள். கையை ஏற்றினால் கூட்டு, இறக்கினால் குறை. பிறகு அவர் காதே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. மைதானத்தில் இருந்தபடியே எந்தத் தெருவில் எந்தக் குழாய் கம்மியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவள் நாற்காலிகள் முடிகிற இடத்தில் போய் நின்றாள். தேய்க்கும்போது சட்டைமேல் போடுகிற வெள்ளைத் துணி கையில் இருந்தது. மேடையின் ஓரத்தில் அவர் ஆம்ப்ளிஃபயரின் முன் குனிந்து உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்கையில் பரீட்சைக்கு வந்தவர்போல இருந்தார். கூட்டம் நிறைந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்து, "பெருமக்களே" என்றதும் மெல்லியதாக ஒரு விசில் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் ஏறியது. முன்வரிசையில் ஒருவர் காதருகே கையைக் கொண்டுபோனார். செயலாளரின் கழுத்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அவள் கணவர் சத்தக் குமிழின்மேல் விரலை வைத்துக்கொண்டு முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் துணியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். எல்லா முகங்களும் மேடையைப் பார்க்கையில் ஒரு வெள்ளை மட்டும் அசைந்ததால் அவர் கண் அங்கே வந்தது. நின்றது. அவள் துணியை மெதுவாக இறக்கினாள். இன்னும் இறக்கினாள். அவர் விரல் திரும்பியது. விசில் அடங்கியது. செயலாளரின் கழுத்து பழைய இடத்துக்குப் போய், "பெருமக்களே" என்று மறுபடியும் ஆரம்பித்தது.

பேச்சு முழுக்க அவள் நின்றாள். ஏற்றினாள், இறக்கினாள், சரியாக இருக்கும்போது துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். மேடையில் அவளுக்குப் பிடிக்காத கட்சி அவளுக்குப் பிடித்த கட்சியைத் திட்டியது. ஒரு கட்டத்தில் அந்தத் திட்டு கடைசி வரிசைக்குச் சரியாக எட்டவில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு துணியை ஏற்றினாள்.

கூட்டம் கலைந்தது. "இன்னைக்குச் சத்தம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு சவுண்டு" என்று செயலாளர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது அவருக்குக் கேட்டதோ என்னவோ, தலையை ஆட்டினார். அண்ணன் பின்பக்கம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மைதானத்தின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவர். யாரும் யாரிடமும் போகவில்லை. அவர் மைக் முன்னால் வந்து நின்று விரலால் இரண்டு தட்டு தட்டினார். தட்டிவிட்டுக் காதைக் கொடுக்கவில்லை. அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்: ஆமாம், உயிரோடுதான் இருக்கிறது.

அங்கேயே, கலைந்த நாற்காலிகளுக்கு நடுவில், அவள் கண்ணை மூடினாள். போன வருடம் போட்ட அந்த மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாள். உதடு நன்றாக அசையும்படி, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு பேருக்குமாகச் சொன்னாள். சொல்லி முடித்தும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றன பெட்டிகள். தெருத்தெருவாகக் கம்பங்களில் கட்டியிருந்த குழாய்களும் பின்னாலேயே அதைச் சொல்வது கேட்டது. "மனு பரிசீலனையில இருக்கு."

சந்தைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். தோளிலிருந்த துணியை எடுத்து, எட்டும் உயரம் வரைக்கும் கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் காட்டினாள்.