ஆளுக்கு அரை மோதகம்

கிருபைரட்ணம் மருத்துவபீடத்தில் எலி வளர்த்தான். எல்லாம் நீரிழிவு எலிகள். பல்லுப் பிடுங்குமுன் ஈறை விறைக்கச் செய்யும் மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றிவந்தால், நீரிழிவில் சிறுநீரகம் கெடுவது தள்ளிப்போகுமா என்பது அவனுடைய கேள்வி. பாதி எலிகளுக்கு மருந்து. மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். மற்றபடி எல்லாவற்றுக்கும் ஒரே தீன். அந்தச் சமன் குலைந்தால் ஆராய்ச்சி குப்பைக்குத்தான். போரால் பாதை பூட்டிக் கிடந்த காலம். கொழும்பிலிருந்து வேறு எலி வராது.

மனைவி வினிபிரட் இறந்து ஒரு வருடம். அதன்பின் அவனுக்கு எதுவும் உறைப்பதுமில்லை, இனிப்பதுமில்லை. நேரமானால் சாப்பிடுவான். எலிகளோடு இருப்பது மட்டும் பிடித்திருந்தது. அவை ஆறுதல் சொல்லவில்லை.

ஒருநாள் காலை மண்ணெண்ணெய் அடுப்பில் எலிச் சிறுநீரில் நீலக் கரைசல் விட்டுக் காய்ச்சிச் சீனி பார்த்தான். வழக்கமாக மஞ்சளோடு நிற்கிற நிறம் செங்கல்லாகச் சிவந்தது. அடுத்த கூட்டிலும் அப்படியே. எதையோ தின்றிருக்கின்றன. சில தின்று சில தின்னாமல் விட்டிருந்தால் இத்தனை மாத உழைப்பும் போச்சு. மற்றக் கூடுகளைப் பார்க்கக் கை எழவில்லை. கூடு கழுவித் தீன் வைக்கும் பாலேஸ்வரியைக் கூப்பிட்டான்.

அவள் முதலில் தண்ணீரைக் குறை சொன்னாள். பிறகு வெக்கையைச் சொன்னாள். அவன் சிவந்த குழாயைத் தூக்கிக் காட்டினான்.

“கோவிக்காதேங்கோ தம்பி. நேற்றுச் சதுர்த்தி. பிள்ளையாற்றை வாகனத்தைக் கூட்டிலை பூட்டி வைச்சுக்கொண்டு நான் மட்டும் மோதகம் தின்னுறதோ?”

கிருபைரட்ணம் கிறிஸ்தவ மிஷன் வீட்டுப் பிள்ளை. எலிக்கும் திருநாள் உண்டென்று அவன் யோசித்ததே இல்லை.

“எந்தக் கூட்டுக்குக் குடுத்தனீங்கள்?”

“எல்லாத்துக்கும்தான். ஆளுக்கு அரை. ஒண்டு தின்ன ஒண்டு பாத்துக்கொண்டிருக்கிறதே? பாவமெல்லே.”

“மருந்து ஏத்தினது, தண்ணி ஏத்தினது...”

“அது உங்கடை கணக்கு. எனக்கு எல்லாம் ஒண்டுதான்.”

அவன் உள்ளே போய் மிச்சக் கூடுகளையும் பார்த்தான். ஒன்று விடாமல் எல்லாம் சிவந்தன. அடுப்பை அணைத்துவிட்டுக் குறிப்பேட்டில் எல்லாக் கூட்டுக்கும் நேரே ‘அரை மோதகம்’ என்று எழுதினான். பிறகு கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

“எனக்கொண்டும் வைக்கேல்லையோ?”

“வேதக்காரருக்கு வேண்டாமெண்டு நினைச்சன்.” சொல்லிக்கொண்டே அவள் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

மா சற்றுக் காய்ந்திருந்தது. உள்ளே பயறு, தேங்காய்ப்பூ. அவன் மெதுவாகத்தான் மென்றான். பனங்கட்டி இனித்தது.

“எலிக்கு அரை, எனக்கு ஒண்டோ?” என்று கேட்டு, இரண்டாவதற்கும் கை நீட்டினான்.