நினைவகம் போதவில்லை

"போதிய இடமில்லை" என்று கணினி சொன்னதை, ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒரு குமாஸ்தா தன்னிடம் எதிர்த்துப் பேசியதாகவே எடுத்துக்கொண்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முறைத்தார். அந்தப் பார்வைக்கு ஒரு காலத்தில் அலுவலகமே நடுங்கியதாக அவர் சொல்லிக்கொள்வதுண்டு. கணினி நடுங்கவில்லை. விளையாட்டின் புதிய பதிப்பைப் பதிவிறக்க இடம் வேண்டும், இல்லையென்றால் உள்ளே விட முடியாது என்று அதே வாசகத்தை மறுபடி நீட்டியது.

சாயங்காலம் ஆட்டம். அணித் தலைவன் அவருடைய மகன். அவரோடு பேச்சை நிறுத்திவிட்ட மகன். "கேம் ஆடுறவன் எவன் உருப்பட்டிருக்கான்?" என்று சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் அவர் கேட்டதுதான் கடைசி உரையாடல். மகன் வெளியூர் போய், வேலையில் சேர்ந்து, உருப்பட்டும் தொலைத்தான். அம்மாவோடு மட்டும் ஃபோனில் பேசுவான். அவன் ஆடும் ஆட்டத்தின் பெயரும் அணியின் பெயரும் அவள் வாயிலிருந்து தவறி விழ, கண்காணிப்பாளர் 'கட்டெறும்பு' என்ற புனைபெயரில், ஆள் குறைந்த ஒரு நாளாகப் பார்த்து, அவன் அணியிலேயே போய் ஒட்டிக்கொண்டார்.

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மைக்கை மூடிவிட்டுத் தட்டச்சிலேயே பேசுவார். "எதிரி மேற்குத் திசையில் நடமாடுவது தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது" என்று அடித்து முடிப்பதற்குள், அந்த எதிரி வந்து சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவியிருப்பான். "பெருசு, சுருக்கமா சொல்லு" என்பான் மகன். திட்டிக்கொண்டே கட்டெறும்புக்கு முன்னால் வந்து நின்று, அதற்கு வரும் அடுத்த குண்டைத் தான் வாங்கிக்கொள்வான். நேற்று அவனே அறிவித்திருந்தான்: "நாளைக்கு வராதவங்க டீம்ல கிடையாது."

எதை அழிப்பது? திறந்து பார்த்தார். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அவரேதான். பணி நிறைவு விழாக் காணொளி, முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கமென்று தனித்தனியாக. ஏற்புரை தனியாக. கைதட்டல் போதாமல் போனதால் வேறெங்கிருந்தோ கைதட்டலை எடுத்து ஒட்டிய ஏற்புரை தனியாக. எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கும் நகல்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "இத அழிச்சா ஆச்சு."

"வரலாறுடி அது."

"யாரு பாத்தா? நானே ஏற்புரைல தூங்கிட்டேன்."

"நிரந்தரமாக நீக்கவா?" என்றது கணினி. பணிநீக்க ஆணையில்கூட இப்படி முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். மாலையும் கையுமாய் நின்ற தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு 'ஆம்' என்றார். ஒட்டவைத்த கைதட்டலும் போயிற்று. அப்படியும் பழைய பதிப்பு முரண்டு பிடிக்கவே, விளையாட்டை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினார்.

ஆட்டம் தொடங்கியது. பாதி மைதானம் ஓடியதும் "நினைவகம் போதவில்லை" என்று புதிதாக ஒரு புகார். சேமிக்கும் இடம் வேறு, நினைவகம் வேறாம். ரெக்கார்டு ரூமைக் காலிசெய்தால் மேஜை பெரிதாகிவிடுமா? மேஜை பழைய மேஜைதான். வெட்டவெளியில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது கட்டெறும்பு.

மனைவி குனிந்து திரையைப் பார்த்தாள். "நினைவகமா? அதான் மண்டபம் கட்டி மாலை போட்டு வச்சிருந்தீங்களே, அதுவே பத்தலையாமா?"

"சும்மா இருடி."

"நம்ம பையனக் கேட்டா ஒரு நிமிஷத்துல சரிபண்ணிக் குடுப்பான். கேக்கத்தான் உங்களுக்கு வாய் வராதே. அவன் ஃபோட்டோவ மட்டும் தினம் தொடச்சி வைங்க."

ஒலிபெருக்கியில் அணிக்காரர்களின் பேச்சு சட்டென்று நின்றது. பிறகு மகனின் குரல், மெதுவாக.

"பெருசு. மைக் ஆன்ல இருக்கு."

புதிதாக நிறுவினால் மூடிவைத்ததெல்லாம் பழையபடி திறந்துகொள்ளும் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மனைவி கையிலிருந்த சட்டையோடு அப்படியே நின்றாள். அவர் மைக் பொத்தானைத் தேடினார். அம்புக்குறி நொண்டி நொண்டி நகர்ந்தது.

"அது இருக்கட்டும்" என்றது குரல். "பின்னாடி வேற என்னென்ன ஓடுதுன்னு பாத்து, எல்லாத்தையும் மூடுங்க."

வரைவுகளில் ஒற்றுப்பிழைக்கே சிவப்புக் கோடு இழுத்தவர். கடைசியில் வந்த அந்த 'ங்க' அவருக்குத் தப்புமா? பதில் சொல்ல வாயைத் திறந்தார். கோப்புமொழி ஒன்றுதான் வந்தது. அதை விழுங்கிவிட்டு, திறந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினார்.

படம் ஒரு துள்ளு துள்ளி மறுபடி நின்றது. கட்டெறும்பின் கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. அதற்கு முன்னால், முதுகைக் காட்டியபடி, குண்டுகள் வரும் பக்கம் பார்த்து ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது.