கருகாத பஞ்சு

சிம்னிப் புகையை அளக்கும் அதிகாரி மாலையில் வருகிறார் என்று காலையிலேயே சேதி வந்துவிட்டது. அப்போதும் நைட்ரஜன் ஆக்சைடு அளவு கோட்டுக்கு மேலே நின்றால் கொதிகலனுக்கு சீல். கொதிகலன் நின்றால் காகித ஆலையே நின்ற மாதிரிதான்.

திரையில் எண் இறங்குவதாக இல்லை. அம்மோனியாவைக் கூட்டச் சொன்னார் மேனேஜர்.

ஷிப்ட் இன்ஜினியர் கூட்டவில்லை. ஆலையில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். எங்கே எது கசிந்தாலும் முதலில் முகம் சுளிப்பவள் அவள்தான்.

கொதிகலன் உலையின் மேல்பகுதியில் இடம் மூன்று, வலம் மூன்றாகக் குழாய்கள் அம்மோனியா நீரைத் தெளிக்கும். புகையிலுள்ள நச்சை அது வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். எண் ஏறினால் அம்மோனியா போதவில்லை என்று அர்த்தம். ஆனால் காலையில் சாம்பல் குழியைத் தாண்டும்போது கண்ணைக் கரித்ததே, அது அம்மோனியா மிஞ்சினால் வருகிற நெடியல்லவா?

போதவும் இல்லை, மிஞ்சவும் செய்கிறது. ஒரே உலையில் இரண்டும் எப்படி?

ஒரு பக்கம் பட்டினி, மறுபக்கம் அஜீரணம். ஒரு பக்கக் குழாய் அடைத்து, அதன் பங்கு அம்மோனியாவும் மறுபக்கமே பாய்கிறது!

கழற்றும் நேரத்தில் எண் இன்னும் ஏறும் என்று மேனேஜர் பதறினார். ஏறட்டும், மாலைக்குள் இறங்கினால் போதும் என்று சொல்லிவிட்டு அவள் கையுறையை மாட்டினாள்.

மெயின்டனன்ஸ் போர்மேன் அவளுடைய அக்கா புருஷன். கடைசியாக உலையை நிறுத்திச் சுத்தம் செய்தபோது குழாய்களைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

"என் வேலையிலயே சந்தேகமா? இரு, உங்க அக்காகிட்ட சொல்றேன்."

"தாராளமா சொல்லுங்க, அத்தான். இப்ப ஸ்பேனரை எடுங்க."

முகமூடி போட்டு, ஒவ்வொரு வால்வாக மூடி, ஒவ்வொரு குழாயாக உருவினார்கள். அனல் முகமூடியைத் தாண்டி அறைந்தது. இடப்பக்கம் மூன்றும் சுத்தம். அத்தான் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அசரவில்லை, வலப்பக்கம் நடந்தாள்.

முதல் குழாயின் வாயில் வெள்ளையாக ஏதோ ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. அடுத்த இரண்டிலும் அதே வெள்ளை.

சுத்தம் செய்யும்போது சாம்பல் புகாமல் இருக்க குழாய் வாயில் கந்தைத் துணியைச் சொருகுவது அங்கே வழக்கம். எடுக்க மறந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. உலை மூட்டியதும் துணி தானாக எரிந்துபோகும்.

அத்தான் முகமூடியை இறக்கினார். "கந்தை தீர்ந்துபோச்சு. பக்கத்துல இந்தப் பஞ்சு கிடந்துச்சு. எப்படியும் எரிஞ்சிடும்னு..."

அது உலைச் சுவரில் பதிக்கிற பஞ்சு. எரியக்கூடாது என்பதற்காகவே செய்தது.

சாம்பல் அடைத்துக்கொண்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிடலாமா என்று அத்தான் மெல்லக் கேட்டார்.

"சாம்பல்னு சொன்னா, அடுத்த தடவையும் யாராவது இதைத்தான் சொருகுவாங்க, அத்தான்."

அவர் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து, தன் கையாலேயே திரும்ப மாட்டினார்.

எண் தயங்கியது. பிறகு சரசரவென்று இறங்கியது. மூக்கம்மா அம்மோனியாவைக் குறைத்தாள். அப்போதும் எண் ஏறவில்லை. அதிகாரி வந்தார், அளந்தார், தலையாட்டிவிட்டுப் போனார்.

என்னதான் கோளாறு என்று மேனேஜர் கேட்டார். அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் வச்சது, சார். இனிமே எதைச் சொருகினாலும் உருவிட்டுத்தான் உலையை மூட்டுவோம்."

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்லிடுறீங்களா?"