ஐந்தாவது ஆள்

நூற்று எழுபத்தொன்பது நாட்களாகப் பிச்சையா அண்ணன் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தார். கல் விழுந்த அன்று காலை எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடைக்கு மூட்டை இறக்குகிறவர்கள் அவரும், என் அண்ணன் நெல்லையப்பனும், இன்னும் மூன்று பேரும். ஐந்து பேர் சேர்ந்தது ஒரு செட். ஒருவர் வராவிட்டால் மற்ற நால்வரும் அவர் சுமையையும் சேர்த்துச் சுமப்பார்கள். கடையில் ஐந்து பேர் என்றே சொல்லிக் கூலி வாங்கி, வராதவர் வீட்டில் பங்கைக் கொடுத்துவிடுவார்கள். அதில் அவர்களுக்குப் பெருமை உண்டு.

கல் விழுந்த அன்று வந்த முதல் லாரிக்கும் நால்வர் சுமந்து அப்படித்தான் வாங்கினார்கள். இரண்டாவது லாரியில் கூலித் தகராறு முற்றிக் கல் பறந்தது. கடை மேனேஜரின் மண்டை உடைந்தது. யார் எறிந்தது என்று பார்த்தவர்கள் இல்லை. போலீஸ் வந்து எத்தனை பேர் என்று கேட்டபோது அண்ணன் பழக்கத்தில், "அஞ்சு பேரு சாரே" என்றான். ஐந்து பெயரும் சொன்னான்.

எங்கள் வக்கீல் நீலகண்டன் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லக் குறைந்தது ஐந்து பேர் வேண்டுமாம். ஐந்து பேர் ஆகிவிட்டால் ஒருவன் எறிந்த கல் ஐவரும் எறிந்த கல்.

"நாலு பேரானா எறிஞ்சவனைக் காட்டணும். காட்ட அவங்க கையில ஆளில்ல. இவனுகளே அஞ்சாக்கிக் கொடுத்திருக்கானுக."

பிச்சையா வரவில்லை என்று நால்வரும் பிறகு சொன்னதை யாரும் நம்பவில்லை. ஐந்து பேர் கூலி வாங்கியிருக்கிறார்களே. எங்கே இருந்தார் என்று அவர் சொன்னால் ஐவரும் வெளியே வரலாம். சொல்லாவிட்டால் ஐவருக்கும் ஜெயில்.

எனக்குத் தெரியும். அண்ணனின் கூலியில் பி.எஸ்ஸி. முடித்து, அந்த மாதம் ஆஸ்பத்திரியில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் தற்காலிக வேலையில் இருந்தேன். அன்று காலை ஆபரேசன் முடிந்து வெளியே வந்த பிச்சையா அண்ணனுக்கு, மலையாளத்தில் அச்சடித்த தாளை நான்தான் படித்துச் சொன்னேன். உடனே பலன் இராது, மூன்று மாதம் கவனமாக இருக்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வந்தவர்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

இப்போது அவர் மனைவி மாடம்மாள் அக்காவுக்கு ஐந்து மாதம்.

வஞ்சியூர் கோர்ட்டு வராந்தாவில் அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "பிச்சையண்ணே, அன்னைக்கு எவ வீட்டுல கெடந்தீரு? சொல்லித் தொலையும்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"மோளே, நீ சொல்லீராத. இது அவருக்க பிள்ளதான்."

"தெரியும்க்கா. மூணு மாசம் வரைக்கும்..."

"ஒனக்குத் தெரியும். நீ படிச்சவ. தெருவுல ஒவ்வொருத்திக்கும் போய்ப் பாடம் எடுப்பியா?"

எங்கள் தெருவை எனக்கும் தெரியும்.

உள்ளே நீதிபதி கடைசியாகக் கேட்டார். பிச்சையா அண்ணன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் அண்ணன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. என்னைத் தேடிப் பார்த்தான், முன்பு பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்றபோது பார்த்ததைப்போல. நான் எழுந்தேன். சொல்லத்தான் எழுந்தேன்.

என் தோளில் ஒரு கை விழுந்து என்னை உட்கார வைத்தது. அக்கா முன்னால் போனாள். கோர்ட்டு ஊழியரான டபேதார் மறித்தார். நீதிபதி விடச் சொன்னார்.

"மாடம்மா, வேண்டாம்," என்றார் பிச்சையா அண்ணன்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. வயிற்றின் மேல் இழுத்து மூடியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அன்னைக்கு இவரு ஆரியசாலைப் பக்கமே போகல்ல சாமி. இனி பிள்ள வேண்டாம்னு ஆபரேசன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தாரு."