பொழுது சாய்ந்தால் மாறும் முறை

"உன் ஆபீசு வீட்டுக்குள்ளயே கீதுன்றாங்களே, நெசமாவா?"

"ஆமாயா. லேப்டாப்பு எங்க இருக்கோ அதான் ஆபீசு. இனிமே எல்லாக் கம்பெனியும் இப்டித்தான்னு சொல்றாங்க."

"அப்ப கல்யாணத்துக்கு அப்பால எங்க ஊர்ல குந்திகினே சம்பாரிப்ப?"

"சம்பாரிப்பேன். சிக்னல மட்டும் நீ வல போட்டுப் புடிச்சுக் குடு."

பூவரசனும் மாலதியும் பொன்னேரி பஸ் நிலையத்தில் நின்று இப்படிப் பேசிச் சிரித்து மூன்று வருடமாகிறது. அவன் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவன். அவள் திருப்பாலைவனத்து விவசாயி மகள், சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இணையதளங்கள் கட்டித் தருகிறவள்.

கல்யாணமான புதிதில் எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. பிறகு கம்பெனிக்காரர்களின் மனம் மாறியது. வாரம் ஒருநாள் வா என்றார்கள், பிறகு மூன்று நாள் என்றார்கள். போன தை மாதத்திலிருந்து ஐந்து நாளும் வந்தாக வேண்டும். மாலதி பெருங்குடியில் ஜெஸ்ஸி என்ற தோழியோடு அறை எடுத்துத் தங்கினாள். சனிக்கிழமை காலை ஊருக்கு வருவாள், ஞாயிறு மாலை பஸ் ஏறுவாள்.

'நீயும் என்கூட வந்து இரு' என்று கணவனிடம் கேட்க வேண்டும். ஏழு மாதமாக அவள் கேட்கவில்லை. படகு எஞ்சின் பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குப் பட்டணத்தில் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஏரியில் வலை கட்ட அவனுக்கென்று முறைநாள் இருந்தது.

"புரோகிராம் எழுதத்தான் இப்ப ஏஐ வந்துடுச்சே, புருஷன்கிட்ட கேக்குறதுக்கும் அதையே அனுப்பப் போறியா?" என்று ஜெஸ்ஸி கிண்டல் செய்வாள்.

இறால் ஓடும் இடத்துக்கு அந்த ஊரில் பாடு என்று பெயர். அங்கே வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்பது நாளைக்கு ஒருமுறை முறை வரும். காற்று கெட்டாலோ ஊரில் சாவு விழுந்தாலோ முறை தள்ளிப்போகும். அதனால் பூவரசனின் அப்பா ஆதிநாராயணன் தினமும் மாலையில் கரையில் நின்று, யார் முறை என்று எழுதிய நோட்டைப் படிப்பார். ஆள் நேரில் நின்று கேட்டால்தான் முறை செல்லும் என்பது ஊர்க்கட்டு. முறையே இல்லாத நாளிலும் பூவரசன் ஊரைவிட்டு நகர முடியாததற்கு அதுதான் காரணம்.

அந்த நோட்டை மாலதி ஓர் இணையப் பக்கமாக்கினாள். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஏரி நடுவில் சிக்னல் போனாலும் கடைசியாகப் பார்த்தது திரையில் நிற்கும். எங்கிருந்தாலும் தன் பெயரைத் தொட்டால் நேரில் நின்று கேட்ட மாதிரி. ஏஐயிடம் சொன்னாள், அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. நோட்டுக்குப் பதில் இதை ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஊர்க்கூட்டமும் ஒப்புக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை பக்கம் திறந்தது.

சனிக்கிழமை அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போதே கரையில் கூட்டமாக இருந்தது. நடுவில் மாணிக்கம் நின்றான். பூவரசனுக்குப் பங்காளி முறை, வாய் கொஞ்சம் நீளம்.

"வாம்மா என்ஜினியரு! உன் கம்ப்யூட்டர்ல சூரியன் ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் சாயுமா?"

மாலதிக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் நின்ற கிருஷ்ணன் சங்கடத்தோடு சொன்னான்.

"நேத்து பொழுது சாஞ்சதும் என் முறை முடிஞ்சிடுச்சும்மா. அப்பால மாணிக்கத்தோடது. ஏழு மணிக்குப் பாக்குறேன், இன்னிக்கி முறை கிருஷ்ணன்னே காட்டுது. ஆதிநாராயணன் மாமா ஏதோ மாத்திக்கீறாருன்னு நெனச்சு திரும்பவும் வல கட்டிட்டேன்."

"நானும் அதயேதான் பாத்துட்டுப் போய்ப் படுத்தேன்," என்றான் மாணிக்கம். "ஒம்போது நாள் காத்துகினு இருந்த எறா, அவன் கூடையில துள்ளுது."

மாலதிக்கு இப்போது புரிந்தது. ஊருக்கு நாள் பொழுது சாய்ந்ததும் பிறக்கிறது. அவள் கட்டிய இணையப் பக்கத்துக்கோ நள்ளிரவில் பிறந்தது. ஏஐ மேல் குற்றமில்லை. அவள் சொன்னதை அது எழுதியது, சொல்லாததை அதற்கு யார் சொல்வது?

"எம்மேலதான் தப்புண்ணா," என்றாள். "இங்கயே சரி பண்ணித் தரேன்."

"இன்னாத்துக்கு? நோட்டே போதும்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். இரண்டு மூன்று தலைகள் ஆடின. இணையப் பக்கத்தை மூடிவிட்டால் பூவரசன் மறுபடி தினமும் மாலை இந்தக் கரையில்தான்.

கவிழ்த்திருந்த படகின்மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள்.

"ஆறு மணின்னு வச்சிடட்டுமா, மாமா?"

ஆதிநாராயணன் தலையசைத்து மறுத்தார். "ஆடியில ஒரு நேரம் சாயும், மார்கழியில ஒரு நேரம் சாயும். மணிய வச்சா திரும்பவும் சண்டதான்."

அவள் யோசித்தாள். இந்த ஊரில் அன்றன்று சூரியன் சாயும் நேரத்தைப் பக்கமே கணக்கிட்டு, அந்த நிமிடத்தில் பெயர் மாறும்படி எழுதினாள். பிறகு நேற்று மாலை ஏழு மணியை அதற்குக் கொடுத்துப் பார்த்தாள். திரையில் மாணிக்கம் என்று வந்தது.

"தோ பாருடா, இப்பத்தான் என்னக் கண்ணுல தெரியுது அதுக்கு," என்றான் மாணிக்கம். கூட்டம் சிரித்தது.

"என் அடுத்த முறைய நீ எடுத்துக்கடா," என்றான் கிருஷ்ணன்.

ஆதிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மாசம்னு பேசினோம். மாசம் முடியட்டும்."

கூட்டம் கலைந்தது. பூவரசன் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"ஏம்மே, வாரத்துல ரெண்டு நாளுதான் எங்கூட கீற. அதுலயும் பொட்டியத் தொறந்துகினு பேச்சு வாங்குற. உனுக்கு இன்னாத்துக்கு ஊரு வேல?"

"ஊருக்காக எவன் செஞ்சான்?"

"பின்ன?"

மாலதி நின்றாள். எதிரே தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது. அவனும் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஒம்போது நாள்ல ஒரு நாளுதான் உன் முறை," என்றாள். "அதுக்கு நீ இங்க வந்துதான் ஆவணும், நான் வேணாங்கல. மத்த நாளு..."

"மத்த நாளு?"

"மத்த நாளெல்லாம் பெருங்குடிக்கு வந்து என்கூட இரேன்யா."